நாற்பதில் நிற்கிறதா, நடுவழியில் விழுகிறதா?

பெட்டியின் மேல் நொடிக்கு 1,050 எம்.பி. என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மண்டபத்திலிருந்து வந்ததும் 200 ஜி.பி. கல்யாண வீடியோவை அதில் ஏற்ற ஆரம்பித்தால், திரையில் 38, 39, 40 என்று காட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் இழுக்கிறது. "டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டார்களா? கடையில் கொடுத்து மாற்றிவிடட்டுமா?" எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி. வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். டிரைவே பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு.

வேகம் வரவில்லை என்றதும் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். ஃபார்மட் பண்ணு, டிரைவரை அப்டேட் பண்ணு, விண்டோஸை மறுபடி போடு. எதையும் செய்வதற்கு முன் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். எவ்வளவு வேகம் வருகிறது? தொடக்கத்திலிருந்தே ஒரே சீராக மந்தமாக வருகிறதா, அல்லது வேகமாகக் கிளம்பி நடுவழியில் விழுகிறதா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் கோளாறு எங்கே என்பது பாதி தெரிந்துவிடும். தொடக்கம் முதலே மந்தம் என்றால் காரணம் பெரும்பாலும் டிரைவுக்கு வெளியே இருக்கும். நடுவழியில் விழுந்தால் டிரைவுக்கு உள்ளே பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. போர்ட், கேபிள் வேகத்தை மெகாபிட், ஜிகாபிட் கணக்கில் சொல்வார்கள். காப்பி ஆகும்போது கம்ப்யூட்டர் காட்டுவது எம்.பி., அதாவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 2000-இல் வந்த யு.எஸ்.பி. 2.0-இன் உச்சம் 480 மெகாபிட். எட்டால் வகுத்தால் 60 எம்.பி. இணைப்பின் உள் செலவெல்லாம் போகக் கைக்கு வருவது 35 முதல் 40-க்குச் சற்று மேல்வரைதான். 2008-இல் வந்த 3.0 என்பது 5 ஜிகாபிட். நடைமுறையில் 400, நன்றாக இருந்தால் 450 எம்.பி. அடுத்து 2013-இல் 10 ஜிகாபிட் வந்தது. அதில் ஏறக்குறைய 1,000 எம்.பி. கிடைக்கும். 2017-இல் வந்த 20 ஜிகாபிட்டில் 2,000 வரை போகலாம்.

இதில் பெயர்க் குழப்பம் வேறு. ஒரே 5 ஜிகாபிட் போர்ட்டை முதலில் 3.0 என்றார்கள், பிறகு 3.1 ஜென் 1 என்றார்கள், அதற்கும் பிறகு 3.2 ஜென் 1 என்றார்கள். லேப்டாப் விளம்பரத்தில் "யு.எஸ்.பி. 3.2" என்று மட்டும் போட்டிருந்தால் அது பழைய 5 ஜிகாபிட்டாகவும் இருக்கலாம். வாங்குபவரைக் குழப்புவதற்கென்றே உட்கார்ந்து யோசித்துப் பெயர் வைத்ததுபோல இருக்கிறது. 2022-இல் யு.எஸ்.பி. தரத்தை வகுக்கும் அமைப்பே மனம் மாறி, இனிமேல் பெட்டியிலும் கேபிளிலும் 5, 10, 20, 40 என்று வேகத்தையே போடுங்கள் என்றது. நீங்களும் 3.1, 3.2 எல்லாவற்றையும் விட்டுவிட்டு எத்தனை ஜிகாபிட் என்பதை மட்டும் பாருங்கள்.

இப்போது 40-க்கு வருவோம். ஒரு எஸ்.எஸ்.டி. முதல் நிமிடத்திலிருந்து 35, 40 என்று அசையாமல் நிற்கிறது என்றால், அது யு.எஸ்.பி. 2.0 ஆக இணைந்திருக்கிறது என்று அர்த்தம். டிரைவ் 1,000 எம்.பி. கொடுக்கத் தயாராக இருக்கிறது. நடுவில் ஏதோ ஒன்று பழைய காலத்து வேகத்துக்கு அதை இறக்கிவிட்டது. அது கேபிள், போர்ட், ஹப் மூன்றில் ஒன்று. முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்.

டைப்-சி கேபிள்கள் எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருக்கும். செருகும் முனையின் வடிவத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே கிடையாது. போனுக்குச் சார்ஜ் போடும் கேபிளில் மின்சாரத்துக்கு உரிய கம்பிகளோடு, தகவலுக்கு ஒரே ஒரு ஜோடிக் கம்பிதான் இருக்கும். அது யு.எஸ்.பி. 2.0-வுக்குப் போதும். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் கூடுதல் ஜோடிகள் வேண்டும். சார்ஜர் கம்பெனிகள் அதைப் போடுவதில்லை, செலவு. கேபிள் தடிமனாக, மேலே நைலான் பின்னலோடு, "100 வாட்" என்று எழுதிக்கொண்டு கம்பீரமாக இருந்தாலும் தகவல் வேகம் 480 மெகாபிட்டாகவே இருக்கலாம். விலை உயர்ந்த சாதனங்களிலும் இதே கதைதான். ஐபோன் 15 ப்ரோவின் போர்ட் 10 ஜிகாபிட். ஆனால் பெட்டியில் வரும் வெள்ளைக் கேபிள் யு.எஸ்.பி. 2.0 வேகம்தான். அந்தப் போனிலிருந்து நேராக எஸ்.எஸ்.டி.யில் ப்ரோரெஸ் வீடியோ பதிவு செய்ய நினைத்து அதே கேபிளைப் போட்டால் வேலைக்கு ஆகாது.

எனவே டிரைவோடு வந்த அந்தக் குட்டைக் கேபிளைத் தேடி எடுங்கள். "ரொம்பச் சின்னதாக இருக்கிறது" என்று அதை மேஜை டிராயரில் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு மீட்டர் சார்ஜிங் கேபிளை மாட்டியிருப்பவர்கள் ஏராளம். அது குட்டையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வேகம் கூடக் கூட சிக்னல் தாங்கும் தூரம் குறையும். 10 ஜிகாபிட்டுக்குச் சாதாரண கேபிள் ஒரு மீட்டருக்குள் இருப்பது நல்லது. நடுவில் எக்ஸ்டென்ஷன் கேபிள் போடவே போடாதீர்கள். குட்டைக் கேபிள் தொலைந்துவிட்டால், புதிதாக வாங்கும்போது கடைக்காரரிடம் "ஃபாஸ்ட் கேபிள்" என்று கேட்காதீர்கள், அவர் ஃபாஸ்ட் சார்ஜிங் கேபிளை எடுத்துக் கொடுப்பார். ரிச்சி தெருவாக இருந்தாலும் ஆன்லைனாக இருந்தாலும் "10 ஜிபிபிஎஸ் டேட்டா கேபிள்" என்று கேளுங்கள். அந்த எண் கேபிளிலோ உறையிலோ அச்சில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

கேபிள் சரி, இன்னும் 40 என்றால் போர்ட்டைப் பாருங்கள். பழைய அகலமான டைப்-ஏ போர்ட் என்றால் உள்ளே எட்டிப் பாருங்கள். நடுவில் இருக்கும் நாக்கு நீலமாக இருந்தால் பெரும்பாலும் 3.0, கறுப்போ வெள்ளையோ என்றால் 2.0 ஆக இருக்கலாம். நிறம் கட்டாய விதி இல்லை என்பதால், பக்கத்தில் "எஸ்.எஸ்." என்ற குறியோ 5, 10 என்ற எண்ணோ இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே லேப்டாப்பில் வலப்பக்கம் 2.0, இடப்பக்கம் 3.0 என்று இருப்பது சகஜம். பலர் வலக்கை வாக்கில் மவுஸுக்கென்று விட்ட போர்ட்டில் டிரைவைச் செருகிவிட்டு டிரைவைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

டைப்-ஏ போர்ட்டில் இன்னொரு வேடிக்கை உண்டு. அதில் செருகும் பிளக்கின் முனையைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முன்வரிசையில் நான்கு உலோகப் பட்டைகள், இவை பழைய 2.0-வுக்கு. அவற்றுக்குப் பின்னால் உள்ளே தள்ளி ஐந்து சின்னத் தொடுமுனைகள், இவைதான் 3.0-வுக்கு. நீங்கள் பிளக்கை மெதுவாக, பயந்து பயந்து தள்ளினால் முன்னால் இருக்கும் நான்கும் முதலில் தொட்டுவிடும். கம்ப்யூட்டரும் "2.0 சாதனம் வந்திருக்கிறது" என்று முடிவு கட்டிவிடும். பின்னால் இருக்கும் ஐந்தும் அப்புறம் தொட்டும் பயனில்லை. கழற்றிவிட்டு, ஒரே தள்ளலில் முழுதாக உள்ளே செருகிப் பாருங்கள். 40 என்று இருந்தது 400 ஆக மாறினால் ஆச்சரியப்படாதீர்கள். போர்ட்டில் தூசி அடைந்திருந்தாலும் இதே விளைவுதான்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் முன்பக்கப் போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் செருகுங்கள். பின்னால் இருப்பவை மதர்போர்டிலேயே பொருத்தப்பட்டவை. முன்னால் இருப்பவை கேபினட்டுக்குள் ஓடும் ஒரு நீளக் கம்பி வழியாக வருபவை. அந்தக் கம்பியின் தரம் சுமார் என்றால் வேகம் இறங்கும், சில நேரம் டிரைவ் துண்டித்துத் துண்டித்து இணையும். அசெம்பிள் செய்தவர் அந்தக் கம்பியை 2.0 முனையிலேயே மாட்டிவிட்டுப் போன கேபினட்டுகளும் உண்டு.

ஹப் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. ஒரு டைப்-சி ஹப்பில் எஸ்.எஸ்.டி., கார்டு ரீடர், பென் டிரைவ், நெட்வொர்க் கேபிள் எல்லாம் மாட்டினால் அத்தனையும் கம்ப்யூட்டருக்குப் போகும் ஒரே பாதையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இதைப் பலர் ஊகித்துவிடுவார்கள். ஊகிக்காதது மானிட்டர். டைப்-சி கேபிளில் அதிவேகப் பாதைகள் நான்கு உண்டு. 4கே மானிட்டரை 60 ஹெர்ட்ஸில் ஓட்டுவதற்குச் சில ஹப்புகள் நான்கையும் படத்துக்கே எடுத்துக்கொள்கின்றன. அப்போது தகவலுக்கு மிஞ்சுவது பழைய 2.0 பாதை மட்டும்தான். மானிட்டரைக் கழற்றினால் வேகம் வருகிறது, மாட்டினால் 40-க்குப் போகிறது என்றால் இதுதான் காரணம். எடிட்டிங் மேஜையில் ஒரே ஹப்பில் எல்லாவற்றையும் தொங்கவிடுபவர்களுக்கு என் யோசனை: மானிட்டர், கீபோர்டு ஹப்பில் இருக்கட்டும். எஸ்.எஸ்.டி.யை லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள்.

ஊகமாக இல்லாமல் உறுதியாகத் தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு ஆப்பிள் மெனுவைத் திறந்தால் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் வரும். அதில் யு.எஸ்.பி. பகுதியில் உங்கள் டிரைவின் பெயரைத் தொட்டால் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று காட்டும். 480 மெகாபிட் என்று இருந்தால் குற்றவாளி பிடிபட்டாயிற்று. விண்டோஸுக்கு யு.எஸ்.பி. டிவைஸ் ட்ரீ வியூவர் என்ற இலவச மென்பொருள் உண்டு. லினக்ஸில் எல்.எஸ்.யு.எஸ்.பி. கட்டளையை, ஒரு சிறுகோடும் டி என்ற எழுத்தும் சேர்த்து ஓட்டினால் ஒவ்வொரு சாதனத்துக்கும் எதிரே 480, 5000, 10000 என்று வேகம் வரும். ஃபார்மட் செய்வதைவிட இது எவ்வளவோ எளிது, டேட்டாவும் போகாது.

40-ஐத் தாண்டி 400, 450-இல் நிற்கிறது, ஆனால் பெட்டியில் 1,050 போட்டிருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்வது: உங்கள் போர்ட் 5 ஜிகாபிட். இதில் பழுது எதுவும் இல்லை. 1,050 வர டிரைவ், கேபிள், போர்ட் மூன்றுமே 10 ஜிகாபிட்டாக இருக்க வேண்டும். அதேபோல 2,000 எம்.பி. என்று விளம்பரம் செய்யும் 20 ஜிகாபிட் டிரைவைப் பெரும்பாலான மேக்குகளில் மாட்டினால் 1,000-த்துக்குச் சற்றுக் கீழேதான் கிடைக்கும். அந்தக் குறிப்பிட்ட 20 ஜிகாபிட் முறையை அவை ஆதரிப்பதில்லை, 10-க்கு இறங்கிவிடும். பல விண்டோஸ் லேப்டாப்புகளிலும் அதே நிலைதான். உங்கள் கம்ப்யூட்டரின் விவரக்குறிப்பில் 20 என்று தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய அந்த ரக டிரைவுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய எஸ்.எஸ்.டி.யைத் தனியாக வாங்கிய உறையில் போட்டு எக்ஸ்டர்னலாக ஓட்டுபவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. என்றால் 550-க்கு மேல் அதற்கே சக்தி கிடையாது, 10 ஜிகாபிட் உறை போட்டாலும் பயனில்லை. அடுத்து, உறைக்குள் இருக்கும் சிப் யு.ஏ.எஸ்.பி. என்ற முறையில் பேசுகிறதா என்று பாருங்கள். பழைய முறையில் ஒரு கட்டளை முடிந்த பிறகுதான் அடுத்த கட்டளை போகும். யு.ஏ.எஸ்.பி.யில் பல கட்டளைகள் வரிசையில் நிற்கும். விண்டோஸ் 8 முதல் இதற்கு ஆதரவு உண்டு. டிவைஸ் மேனேஜரில் உங்கள் டிரைவ் "யு.எஸ்.பி. அட்டாச்டு ஸ்கஸி" என்ற பெயரில் வந்தால் நல்லது. வெறும் "மாஸ் ஸ்டோரேஜ்" என்றால் பழைய முறை. மலிவு உறைகளில் காசு மிச்சம் பிடிக்கும் இடம் இது.

வேகமாகக் கிளம்பி விழுவது

இனி இரண்டாவது ரகம். இங்கேதான் பலர் நல்ல டிரைவைக் கடையில் திருப்பிக் கொடுக்கிறார்கள், சிலர் மோசமான டிரைவை நல்லதென்று வைத்துக்கொள்கிறார்கள்.

விண்டோஸில் காப்பி ஜன்னலில் "மேலும் விவரம்" என்பதை அழுத்தினால் பச்சை நிறத்தில் ஒரு வரைபடம் வரும். 900-இல் மேடுபோல நேராகப் போகும். 60 ஜி.பி., 80 ஜி.பி. ஏறியதும் செங்குத்தாகச் சரிந்து, 100-க்கும் கீழே தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டிருக்கும். கேபிள், போர்ட் எதை மாற்றினாலும் இதே இடத்தில் இதே சரிவு.

எஸ்.எஸ்.டி.யின் நினைவறைகளில் ஒவ்வொன்றிலும் எத்தனை பிட் திணிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ரகம் பிரிப்பார்கள். மூன்று பிட் போட்டால் டி.எல்.சி., நான்கு போட்டால் கியூ.எல்.சி. அதிகம் திணித்தால் விலை குறையும், எழுதும் வேகமும் குறையும். இதை மறைக்க ஒரு தந்திரம் செய்கிறார்கள். காலியாக இருக்கும் அறைகளில் ஒரு பகுதியில், தற்காலிகமாக ஓர் அறைக்கு ஒரே பிட் என்று வேக வேகமாக எழுதிக்கொள்வார்கள். டிரைவ் சும்மா இருக்கும்போது அதை எடுத்து மூன்று, நான்காகச் சுருக்கி அடுக்குவார்கள். இந்தத் தற்காலிக இடத்துக்கு எஸ்.எல்.சி. கேஷ் என்று பெயர். அரிசிக் கடைக்கு லாரி வந்தால் மூட்டைகளை முதலில் திண்ணையில் இறக்கிவிட்டு, பிறகு நிதானமாகக் குடோனுக்குள் அடுக்குவதில்லையா, அதுதான். திண்ணை நிரம்பியதும் ஒவ்வொரு மூட்டையும் உள்ளே போய்ச் சேரும்வரை லாரி காத்திருக்க வேண்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் 1,050 என்பது கேஷ் காலியாக இருக்கும்போது வரும் வேகம். அது நிரம்பியபின் எவ்வளவு என்பதைப் பெட்டியில் தேடாதீர்கள், இருக்காது. நல்ல டி.எல்.சி. டிரைவ் என்றால் சில நூறு எம்.பி.யில் நிற்கும். கியூ.எல்.சி. என்றால் 100-க்கும் கீழே, சாதாரண ஹார்ட் டிஸ்க்கைவிட மோசமாகவும் போகும். இன்னொரு சிக்கல், இந்த கேஷ் பெரும்பாலும் காலி இடத்திலிருந்தே பிறக்கிறது. டிரைவ் புதிதாக இருக்கும்போது தாராளமாக இருந்தது, முக்கால்வாசி நிரம்பிய பிறகு சில ஜி.பி.யாகச் சுருங்கிவிடும். "வாங்கின புதிதில் பறந்தது, இப்போது நொண்டுகிறது" என்பதற்குப் பெரும்பாலும் விளக்கம் இதுதான். ஐந்தில் ஒரு பங்கையாவது எப்போதும் காலியாக விட்டு வையுங்கள்.

கிரிஸ்டல் டிஸ்க் மார்க் போன்ற சோதனை மென்பொருள்கள் இதைக் காட்டிக்கொடுக்காது. அவை வழக்கமாக ஒரு ஜி.பி. அளவுக்கு எழுதிப் பார்க்கும். அந்த ஒரு ஜி.பி. எந்த டிரைவின் கேஷிலும் அடங்கிவிடும். இணைப்பு சரியா என்று பார்க்க மட்டும் அந்தச் சோதனை உதவும். டிரைவின் உண்மையான குணம் தெரிய வேண்டுமென்றால் உங்கள் வேலைக்கு ஏற்ற ஒரு பெரிய ஃபோல்டரை, 100 அல்லது 150 ஜி.பி.யை, ஒரே மூச்சில் ஏற்றிப் பாருங்கள். வாங்கிய வாரமே, திருப்பிக் கொடுக்கும் தேதி தாண்டுவதற்குள் செய்யுங்கள்.

நடுவழியில் விழுவதற்கு இரண்டாவது காரணம் சூடு. உறைக்குள் இருக்கும் கன்ட்ரோலர் பெரும்பாலும் 70 டிகிரியைத் தாண்டும்போது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில் அறை வெப்பமே 38, 40 என்று இருக்கும் ஊர்களில், மின்விசிறி இல்லாத மண்டபத்து மூலையில், லேப்டாப்பின் சூடான காற்று வெளியேறும் பக்கத்தில் டிரைவை வைத்து வேலை செய்தால் அது சீக்கிரமே அந்த எல்லைக்குப் போய்விடும். தொட்டால் சுடுகிறது என்பதற்காகப் பயப்பட வேண்டாம். உலோக உறை சுடுவது உள்ளிருக்கும் சூட்டை வெளியே கடத்துகிறது என்பதற்கு அடையாளம். அதன் மேல் ரப்பர் கவர், துணிப் பை எதுவும் போட்டு மூடாமல் இருந்தால் போதும்.

கேஷா, சூடா என்று எப்படிப் பிரிப்பது? விழும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் விட்டு, அதே ஃபைலை மறுபடி ஏற்றுங்கள், இந்த முறை டேபிள் ஃபேனை டிரைவின் மேல் திருப்பி வைத்துவிட்டு. மறுபடியும் ஏறக்குறைய அதே ஜி.பி.யில் விழுந்தால் கேஷ். ஃபேன் காற்றில் கடைசிவரை விழாமல் போனால் சூடு. சூடு என்றால் மருந்து காற்றோட்டம். கேஷ் என்றால் மருந்து கிடையாது, அந்த டிரைவ் அப்படித்தான். ஆனால் வேலையைச் சமாளிக்கலாம். நான்கு கேமரா கார்டுகளை ஒன்றாக 250 ஜி.பி.யாக ஏற்றாமல், ஒவ்வொரு கார்டாக ஏற்றி நடுவில் பத்து நிமிடம் டிரைவை மின்சாரத்தோடு சும்மா விடுங்கள். அந்த நேரத்தில் கேஷ் காலியாகும். கழற்றிவிட்டால் காலியாகாது என்பதைக் கவனியுங்கள்.

பலமுறை நிரப்பி, பலமுறை அழித்த டிரைவில் இன்னொரு பிரச்சினை. நீங்கள் ஃபைலை அழித்தது டிரைவுக்குத் தானாகத் தெரியாது. ட்ரிம் என்ற கட்டளை போனால்தான் "இந்த இடம் காலி" என்று அது புரிந்துகொள்ளும். யு.எஸ்.பி. வழியாக இந்தக் கட்டளை எல்லா உறையிலும் போய்ச் சேராது. விண்டோஸில் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் பகுதியைத் திறந்து, உங்கள் டிரைவை அது சாலிட் ஸ்டேட் என்று அடையாளம் காட்டினால் ஆப்டிமைஸ் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்க் என்று காட்டினால் தொடாதீர்கள், டிஃப்ராக் செய்ய ஆரம்பித்துவிடும். எஸ்.எஸ்.டி.க்கு அது வீண் தேய்மானம்.

டிரைவே இல்லாத இடத்தில் கோளாறு

கேமரா கார்டிலிருந்து நேராக எஸ்.எஸ்.டி.க்கு ஏற்றும்போது 85, 90-ஐத் தாண்டவில்லை என்று புலம்பும் போட்டோகிராபர்கள் உண்டு. எஸ்.டி. கார்டில் ரோமன் எழுத்தில் ஒன்று என்று போட்டிருந்தால் அது யு.எச்.எஸ். 1 வகை. அந்த வகைக்கு நிர்ணயித்த உச்சமே 104 எம்.பி. ரோமன் இரண்டு என்றால் 312 வரை போகலாம், அதற்கும் இரண்டாம் வகை ரீடர் வேண்டும். பின்பக்கம் இரண்டு வரிசைத் தொடுமுனைகள் இருக்கும் கார்டுதான் இரண்டாம் வகை. எவ்வளவு விலை கொடுத்து எஸ்.எஸ்.டி. வாங்கினாலும் கார்டு கொடுக்கும் வேகத்தில்தான் அது வாங்கிக்கொள்ளும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்தாலும் இப்படித்தான், 100 முதல் 150 வரை. லேப்டாப்பின் உள் எஸ்.எஸ்.டி.யிலிருந்து ஒரே ஒரு பெரிய வீடியோ ஃபைலை ஏற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

ஒரே பெரிய ஃபைல் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 40 ஜி.பி. வீடியோ ஒன்று நிமிடத்தில் ஏறும். அதே 40 ஜி.பி. இரண்டு லட்சம் சின்ன ஃபைல்களாக இருந்தால், வாட்ஸ்அப் படங்கள், மென்பொருள் புராஜெக்ட் ஃபோல்டர் போல, மணிக்கணக்காகும். ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர் எழுதி, இடம் ஒதுக்கி, பதிவைத் திறந்து மூட வேண்டும். ஆன்டிவைரஸும் ஒவ்வொன்றையும் நிறுத்திச் சோதிக்கும். சுருக்கம் எதுவும் இல்லாமல் ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி ஏற்றுவது எளிய வழி. விண்டோஸில் உள்ள ரோபோகாப்பி பல ஃபைல்களை ஒரே நேரத்தில் எடுத்துச் செல்லும், அதுவும் உதவும்.

விண்டோஸில் ஓர் அமைப்பையும் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து வெளி டிரைவுகளுக்கு குயிக் ரிமூவல் என்பதே இயல்புநிலை. சட்டென்று பிடுங்கினாலும் டேட்டா போகக் கூடாது என்பதற்காக எழுதும்போது இடைக்கிடங்கைப் பயன்படுத்தாது. டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பாலிசீஸ் பக்கத்தில் பெட்டர் பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றினால், குறிப்பாகச் சின்ன ஃபைல்களில், வேகம் கூடும். மாற்றிய பிறகு ஒவ்வொரு முறையும் சேஃப்லி ரிமூவ் கொடுத்துத்தான் கழற்ற வேண்டும். அவசரக்காரர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஃபார்மட் விஷயத்திலும் குழம்ப வேண்டாம். விண்டோஸ் மட்டும் என்றால் என்.டி.எஃப்.எஸ்., மேக் மட்டும் என்றால் ஏ.பி.எஃப்.எஸ்., இரண்டிலும் மாறி மாறி என்றால் எக்ஸ்ஃபேட். என்.டி.எஃப்.எஸ். டிரைவை மேக் படிக்கும், ஆனால் தானாக எழுதாது.

வேகக் குறைவோடு டிரைவ் நடுவில் காணாமல் போய்த் திரும்ப வருகிறது என்றால் மின்சாரத்தைக் கவனியுங்கள். 3.0 டைப்-ஏ போர்ட் உறுதியாகத் தருவது 4.5 வாட். தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் அதையும் பங்கு போட்டால் வேகமான டிரைவுக்குப் போதாது. நேராகச் செருகியும் துண்டித்தால் கம்பெனியின் இணையதளத்தில் ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா பாருங்கள். 2023-இல் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் ப்ரோ வகைகளில் சில இப்படித் திடீரென்று துண்டிப்பதாகப் பெரிய புகார் எழுந்து, அன்றைய தயாரிப்பாளரான வெஸ்டர்ன் டிஜிட்டல் ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட்டது. ஆனால் துண்டிக்கும் டிரைவில் எந்தச் சோதனையும் அப்டேட்டும் செய்வதற்கு முன் உள்ளே இருப்பதை வேறோர் இடத்துக்கு எடுத்து வைத்துவிடுங்கள். வேகத்தை அப்புறம் பார்க்கலாம்.

டூப்ளிகேட் விஷயமும் பொய் இல்லை. 16 டி.பி. எஸ்.எஸ்.டி. சில ஆயிரம் ரூபாய்க்கு என்று விளம்பரம் வந்தால் அது மோசடி, இதில் ஆராய ஒன்றும் இல்லை. இவற்றைப் பிரித்தால் உள்ளே 2.0 ரீடர் பலகையில் செருகிய சின்ன மெமரி கார்டு இருப்பதைப் பலர் படம் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். 16 டி.பி. என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும். உண்மையான கொள்ளளவு தாண்டியதும் நீங்கள் ஏற்றும் ஃபைல்கள் பெயரளவில் மட்டும் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. எந்த நல்ல போர்ட்டிலும் 40-ஐத் தாண்டாத, மலிவான, பெயர் தெரியாத கம்பெனி டிரைவ் கையில் இருந்தால் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக், லினக்ஸில் எஃப்3 என்ற இலவசக் கருவிகளை ஓட்டுங்கள். டிரைவ் முழுவதையும் எழுதிப் படித்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். நேரம் எடுக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம்.

கல்யாண வீடியோ, நிகழ்ச்சிப் பதிவு என்று ஒரே மூச்சில் பெரிய ஃபைல்களை ஏற்றும் தொழிலில் இருப்பவர்களுக்கு என் தீர்ப்பு: 10 ஜிகாபிட், டி.எல்.சி., தேவையைவிட ஒரு படி பெரிய கொள்ளளவு. 2,000 எம்.பி. என்று மினுக்கும் பெட்டிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் இரண்டாவது டிரைவ் ஒன்று வாங்கிப் பிரதி எடுத்து வையுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் வேகம் வராமல் எனக்கு எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். "ஸ்லோவாக இருக்கிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை எம்.பி. வருகிறது, எத்தனை ஜி.பி. ஏறியதும் விழுகிறது, எந்தக் கம்ப்யூட்டரின் எந்தப் போர்ட், எந்தக் கேபிள், எங்கிருந்து ஏற்றுகிறீர்கள் என்று எழுதுங்கள். கடைக்காரரிடம் வாரண்டி கேட்கப் போகும்போதும் இதே விவரங்களோடு போங்கள். இன்னொரு கம்ப்யூட்டரில், டிரைவோடு வந்த கேபிளில், நேராகச் செருகியும் வேகம் வரவில்லை என்று காட்டினால் அவர் மாற்றிக் கொடுக்காமல் தட்டிக்கழிப்பது கடினம்.